இரண்டு பேஸ் கிற்றாருக்கு ஒரே பை: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்றைக்குக் கோயில் திருவிழா மேடை, நாளைக்குக் கலியாண மண்டபம், ஞாயிறு தேவாலயம், இடையில் பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ ஹோட்டல் வாசிப்பு என்று ஓடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கடைக்குப் போனதும் எல்லாரும் முதலில் கேட்பது “ஸ்பொஞ்ச் எத்தனை மில்லிமீற்றர்?” என்பதைத்தான். அதைக் கடைசியில் கேட்டாலும் போதும். கிற்றாரின் பாரம் பைக்குள் எந்த இடத்தில் இறங்குகிறது என்பதை முதலில் பாருங்கள்.

இரண்டையும் ஒரே பையில் கொண்டுபோகத்தான் வேண்டுமா?

எதற்காக இரண்டு என்பதைப் பொறுத்தது. 4 தந்தியும் 5 தந்தியும், அல்லது ஃபிரெட் உள்ளதும் இல்லாததும் ஒரே மேடையில் தேவைப்பட்டால் சரி. பாடகர் அரைக் கட்டை இறக்கச் சொல்லும்போது 4 தந்தியில் ஆகக் கீழான ஈ சுரம் (41 ஹேர்ட்ஸ்) தாண்டிக் கீழே போக இடமில்லை, 5 தந்தியில் பி (31 ஹேர்ட்ஸ்) வரை இருக்கிறது. அதற்காக இரண்டு தூக்குகிறவர்கள் பலர். அப்படியென்றால் 5 தந்தி ஒன்றே போதுமே என்பதையும் யோசியுங்கள்.

தந்தி அறுந்தால் என்ன செய்வது என்ற பயம் மட்டும்தான் காரணம் என்றால், ஒரு செற் தந்தியும் வெட்டுக் குறடும் கொண்டுபோங்கள். பேஸ் தந்தி மேடையில் அறுவது குறைவு. அதைவிட அடிக்கடி காலை வாருவது அக்டிவ் கிற்றாரின் 9 வோல்ற் பற்றரியும், உள்ளே நட் கழன்று சுற்றும் ஜாக்கும்தான்.

இசைக்குழு வானில் போகிறவர்களுக்குத் தனித்தனிப் பை இரண்டு எடுப்பதே நல்லது. ஒன்றை வீட்டில் விட்டுவிட்டும் போகலாம், பையும் பாரமில்லை. இரட்டைப் பை உதவுவது ஓட்டோவில் இறங்கி, பெடல் பெட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைத் தனி ஆளாக முதுகில் போட்டு நடக்க வேண்டியவர்களுக்கு.

அளவு எப்படி எடுப்பது?

பையில் “பேஸ்” என்று எழுதியிருப்பதை நம்பவேண்டாம். அளவு நாடாவை எடுத்து மூன்று அளவுகளைக் குறியுங்கள்.

முதலாவது முழு நீளம். அடிப்பக்க ஸ்ட்ராப் பட்டனின் (தோள்பட்டி கொளுவும் குமிழ்) நுனியிலிருந்து தலையின் நுனி வரை அளக்கவேண்டும். ஃபெண்டர் பிரிசிஷன், ஜாஸ் வகை, அவற்றைப் பார்த்துச் செய்த பெரும்பாலான 34 அங்குல ஸ்கேல் (அதிரும் தந்தியின் நீளம்) கிற்றார்கள் எல்லாம் 46 முதல் 46½ அங்குலம், அதாவது 117–118 சென்ரிமீற்றர் வரும். 35 அங்குல ஸ்கேல் 5 தந்தி 48 அங்குலம் வரை போகலாம். பையின் உள் நீளம் இதைவிட 4–5 சென்ரிமீற்றர் கூட இருக்கட்டும்.

இரண்டாவது உடலின் ஆக அகலமான இடம். ஜாஸ் போல இடுப்பு சரிந்த வடிவம் என்றால் மூலைவாட்டில் அளக்கவேண்டும், நேரே அளந்தால் 2 சென்ரிமீற்றர் வரை ஏமாறுவீர்கள். 33–36 சென்ரிமீற்றர் சாதாரணம்.

மூன்றாவது தடிப்பு. இதைத்தான் மறந்துபோகிறார்கள். மரம் 45 மில்லிமீற்றர் என்றாலும் பிறிட்ஜும் குமிழ்களும் சேர்ந்தால் 65–70 வந்துவிடும். ஒவ்வொரு அறையும் 8 சென்ரிமீற்றர் ஆழமாவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது கிற்றாரை வைத்து சிப்பை இழுக்கும்போது குமிழ் நடுத் தடுப்பை நெரிக்கும், சிப்பும் வளைவில் பிளக்கும்.

விற்கிறவர் சொல்லும் அளவு வெளி அளவா உள் அளவா என்று கேளுங்கள். ஸ்பொஞ்ச் 20 மில்லிமீற்றர் என்றால் வெளி அளவிலிருந்து நீளத்திலும் அகலத்திலும் 4 சென்ரிமீற்றர் குறைத்துக் கணக்கிட வேண்டும்.

என் கிற்றார் வழக்கமான வடிவம் இல்லையே?

தண்டர்பேர்ட் போல நீண்ட, சரிந்த உடல் என்றால் பெரும்பாலான இரட்டைப் பைகளில் அடங்காது. உள்ளீடற்ற உடலுள்ள அக்கூஸ்ரிக் பேஸை மறந்துவிடுங்கள். ஹோஃப்னர் வயலின் வடிவம் போன்ற 30 அங்குல ஸ்கேல் குட்டைகள் அடங்கும், ஆனால் மேலும் கீழும் ஓடும். பைக்கு அடியில் தேவையான உயரத்துக்கு ஸ்பொஞ்ச் வெட்டிப் போட்டு, நட் (கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகள் உட்காரும் துண்டு) சரியாகக் கழுத்துத் தாங்கிக்கு (அடுத்த கேள்வியில் விளக்கம்) மேல் வரும்படி கிற்றாரை உயர்த்துங்கள்.

கழுத்துத் தாங்கி என்பது என்ன, அது ஏன் அவ்வளவு முக்கியம்?

பைக்குள் கழுத்தின் பின்புறத்தைத் தாங்கிப் பிடிக்கும், நடுவில் பள்ளம் வெட்டிய கட்டியான ஸ்பொஞ்ச் துண்டு அது. கிற்றார் பிழைப்பதும் உடைவதும் பெரும்பாலும் இந்தத் துண்டில்தான் இருக்கிறது.

பை முதுகுப்பக்கமாகச் சாய்ந்து சீமெந்துத் தரையில் விழுகிறது என்று வையுங்கள். பேஸின் ரியூனிங் கீ ஒவ்வொன்றும் 100 கிராம் அளவில் பாரம், நான்கு சேர்ந்தால் தலையில் அரைக் கிலோவுக்குக் கிட்ட உட்கார்ந்திருக்கிறது. உடல் தரையில் நின்றுவிட, தலை மட்டும் சாட்டையாகப் பின்னுக்கு வீசும். தலை பின்னுக்குச் சரிந்த கிற்றார் என்றால் தரையில் முதலில் படுவதும் தலைதான். நட்டுக்குப் பின்னால் மரம் ஆக மெல்லியது. கழுத்துக்குள் ஓடும் கம்பியான ட்ரஸ் ராட்டைத் திருகும் குழியும் சில கிற்றார்களில் அந்த இடத்திலேயே வெட்டப்பட்டிருக்கும். முறிவு அங்கேதான் வரும். ஃபெண்டர் போல நேர்த்தலை உள்ளவற்றில் முறிவு அரிது, ஆனால் கீயின் தண்டு வளைந்து பிறகு ரியூன் திருகும்போது ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளரும்.

ஆகவே தாங்கி நட்டுக்கும் 3ஆம் ஃபிரெட்டுக்கும் இடையில் கழுத்தின் பின்புறத்தில் இருக்கவேண்டும். தலை எதிலும் முட்டாமல் காற்றில் நிற்கவேண்டும். கழுத்துக்கு மேலால் ஒரு வெல்குரோ பட்டி வந்தால் இன்னும் நல்லது.

கடையில் பார்க்கும் விதம்: கிற்றாரை உள்ளே வைத்து, பையை மேசையில் மல்லாத்திக் கிடத்தி, சிப்பைத் திறந்து தலைக்குப் பின்னால் விரலை விடுங்கள். இரண்டு விரல் தடையில்லாமல் போகவேண்டும். இதே சோதனையை இரண்டு அறையிலும் செய்யுங்கள். சில இரட்டைப் பைகளில் முதுகோடு ஒட்டிய அறைக்கு மட்டும் தாங்கி வைத்து, முன்னறையை வெறும் ஸ்பொஞ்ச் சுவரோடு விட்டிருப்பார்கள். படத்தில் அது தெரியாது.

அடிப்பக்கத்தில் என்ன பார்க்கவேண்டும்?

சுவரில் சாய்த்த பை வழுக்கி இறங்குவது, தோளிலிருந்து இறக்கும்போது “டொக்” என்று தரையில் படுவது, இவைதான் தினமும் நடப்பவை. அப்போது முழுப் பாரமும் அடிப்பக்க ஸ்ட்ராப் பட்டன் ஒன்றில் இறங்கும். நாளடைவில் அது ஸ்பொஞ்சைத் துளைத்து, துணியையும் துளைக்கும். பலமான அடி என்றால் திருகாணியைச் சுற்றி மரமே வெடிக்கும். அடியில் குறைந்தது 25 மில்லிமீற்றர் அடர்ந்த ஸ்பொஞ்சும், வெளியே றப்பர் அல்லது கட்டியான பிளாஸ்ரிக் பாதமும் வேண்டும். பட்டனுக்கு நேரே குழி விட்டிருந்தால் அந்தப் பையைச் செய்தவருக்கு விஷயம் தெரியும். ஸ்ட்ராப் லொக் மாட்டியிருந்தால் பட்டியைக் கழற்றிவிட்டே பையில் வையுங்கள்.

சரி, ஸ்பொஞ்ச் எவ்வளவு தடிப்பு?

20 மில்லிமீற்றர் போதும், அடர்த்தி சரியாக இருந்தால். மெத்தை ஸ்பொஞ்ச் போல மிருதுவான 30 மில்லிமீற்றரை விட, மூடிய துளைகள் கொண்ட ஈவிஏ அல்லது ஈபிஈ வகை 15 மில்லிமீற்றர் அதிகம் தாங்கும். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பையின் சுவரைக் கிள்ளிப் பாருங்கள். விரல்கள் உள்ளே ஒன்றையொன்று உணர்ந்தால் வேண்டாம். விட்டதும் உடனே பழைய தடிப்புக்குத் திரும்பவேண்டும். மிருதுவான ஸ்பொஞ்சுக்கு இன்னொரு கேடு, மழைத் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும்.

நடுத் தடுப்பையும் மறக்காதீர்கள். அது 10 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் இரண்டு கிற்றாரும் வழி முழுக்க ஒன்றையொன்று இடிக்கும்.

இரண்டையும் எந்தப் பக்கம் பார்த்து வைப்பது?

தடுப்பு தடிப்பாக இருந்தால் இரண்டும் முன்னே பார்க்கட்டும். தடுப்பு மெல்லியது என்றால் முதுகோடு முதுகு, அதாவது தந்திகள் வெளிப்பக்கம் பார்க்க. குமிழும் பிறிட்ஜும் மற்றதின் பெயின்றைச் சுரண்டாது. அப்படி வைக்கும்போது கழுத்துத் தாங்கி இரண்டும் தடுப்பின் பக்கம் வரவேண்டும். தாங்கி கழற்றி ஒட்டும் வகையா என்று பாருங்கள்.

பாரம் கூடிய கிற்றார் எப்போதும் முதுகோடு ஒட்டிய அறையில். முதல் பாட்டுக்கு அதுதான் வேண்டும், வெளியில் வைத்தால் எடுக்கச் சுகம் என்று மாற்றி வைத்தால் பை உங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே வரும்.

மொத்தம் எவ்வளவு பாரம் வரும்? பட்டி தாங்குமா?

4 தந்தி ஏறத்தாழ 4 கிலோ, 5 தந்தி நாலரை, பை மட்டும் மூன்றரை முதல் 5. பொக்கற் சாமான் சேர்த்தால் 14–15 கிலோவில் நிற்கும்.

பை அறுவது பெரும்பாலும் பட்டியின் வேரில்தான். பட்டியை வெறும் துணியில் நேர்த்தையல் போட்டு வைத்திருந்தால் ஒரு சீசன்கூடத் தாங்காது. பட்டியின் நாடா பையைச் சுற்றி அடி வரை ஓடியிருக்கிறதா, அல்லது வேரில் உள்ளுக்கு இன்னொரு துணி வைத்து, சதுரம் போட்டு நடுவில் குறுக்குக் கோடு போட்ட தையல் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் சம்மதித்தால் 5 கிலோ அரிசிப் பைகள் மூன்றை உள்ளே வைத்து இரண்டு நிமிடம் தோளில் போட்டு நில்லுங்கள். தையல் நூல் வாய் திறந்தால் தெரிந்துவிடும்.

பட்டி 6–7 சென்ரிமீற்றர் அகலம், உள்ளே ஸ்பொஞ்ச், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு சிறு பட்டி. கைப்பிடி மூன்று வேண்டும்: பக்கவாட்டில் ஒன்று, கழுத்துப் பக்கம் பின்னால் ஒன்று, அடியில் ஒன்று. வானில் ஏற்றும்போது அடிக் கைப்பிடி இல்லாவிட்டால் எல்லாரும் சிப்பைப் பிடித்துத்தான் இழுப்பார்கள். உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஐந்தரை அடி ஆள் முதுகில் போட்டால் பையின் உச்சி தலைக்கு மேல் போகும். மண்டப வாசல், பஸ் கதவு, மேடைப் பந்தலின் குறுக்குக் கம்பு, எல்லாம் அதில் இடிக்கும்.

எந்த சிப் நல்லது?

நைலோன் சுருள் சிப், 10ஆம் இலக்கம். 8 பரவாயில்லை. 5 என்றால் அது உடுப்புப் பைக்குரியது. உலோகப் பல் சிப் கடற்கரைக்கு ஆகாது. கல்லடியிலோ திருக்கோவிலிலோ உப்புக்காற்று படும் வீட்டில் வைத்தால் இழுவை முதலில் வெள்ளைத் தூள் பூக்கும், பிறகு இறுகும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்ததும் மெழுகுவர்த்தியைப் பல்லில் தேயுங்கள். எண்ணெய் வேண்டாம், மணல் ஒட்டும்.

இழுவை போன பின்னும் பல் திறந்தே கிடந்தால் பல் கெடவில்லை, இழுவையின் வாய் அகன்றிருக்கிறது. குறட்டால் இரு பக்கமும் மெல்ல ஒரு நெரி நெரித்தால் சில வாரம் ஓடும். அதற்குள் இழுவையை மாற்றுங்கள்.

வாடைக்கால மழைக்கு எது தாங்கும்?

ஐப்பசி முதல் தை வரை நம் பக்கம் மழை பக்கவாட்டில் அடிக்கும். “தண்ணீர் புகாத துணி” என்று எழுதியிருந்தாலும் தையல் துளையும் சிப்பும் புகவிடும். 1680 டெனியர் (நூல் தடிப்பின் அளவு) துணி கிழிவதைத் தடுக்கும், மழையைத் தடுப்பது உள்ளே பூசிய பூச்சுத்தான். பொலியூரத்தேன் பூச்சு ஈரத்தில் வருடக்கணக்கில் கிடந்தால் பிசுபிசுத்து உதிரும். பழைய பை வாங்குகிறவர்கள் உட்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்.

மேலே போடும் தனி உறை ஒன்று தைப்பிப்பதுதான் மலிவான வழி. பை 125 × 45 × 30 சென்ரிமீற்றர் என்றால் சுற்றளவு 150, தளர்வுக்கு 10. உயரம் 150. ஒன்றரை மீற்றர் அகல மழைக்கோட்டுத் துணி 2 மீற்றர் வாங்கினால் மிஞ்சும். தலைப்பக்கம் மூடி, அடிப்பக்கம் திறந்து இலாஸ்ரிக் வைத்து, தோள்பட்டி வெளியே வர இரண்டு கீறல் விட்டால் போதும். அடியை மூடித் தைத்தால் ஒழுகிய தண்ணீர் உள்ளேயே நிற்கும்.

நனைந்துவிட்டால், வீட்டுக்கு வந்த உடனே கிற்றாரை வெளியே எடுத்துத் துடையுங்கள், விடியட்டும் என்று விடாதீர்கள். பையின் எல்லா சிப்பையும் திறந்து தலைகீழாகத் தொங்கவிட்டு மின்விசிறியில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் ஸ்பொஞ்சை ஒட்டிய பசை விடும். சாதாரண நாளிலும் ஒவ்வோர் அறையிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணி 100 கிராம் துணிப்பையில் போட்டு வைத்தால் பூஞ்சணம் குறையும். நீல நிற மணிகளில் கோபால்ட் குளோரைட்டு என்ற நச்சுப்பொருள் இருக்கும், ஈரம் போக்க என்று சமையல் சட்டியில் போட்டு வறுக்கவேண்டாம்.

கச்சான் காலத்தில்?

அப்போது கேடு நேரெதிர்ப் பக்கத்தால் வரும். வைகாசியிலிருந்து ஆவணி வரை அந்த உலர்ந்த காற்றில் கழுத்து மரம் சுருங்கி, ஃபிரெட் முனை கையை அராவும். சிலிக்கா ஜெல்லை எடுத்துவிட்டு, வாசிக்காத நேரம் பையை மூடியே வையுங்கள். மத்தியான வெயிலில் கண்ணாடி ஏற்றிய வானுக்குள் பையை விட்டுச் சாப்பிடப் போகக்கூடாது. அம்பாறை வெயிலில் அந்த வானுக்குள் 50 பாகை தாண்டும், கழுத்து வளையும், பழைய கிற்றார்களில் பசையும் இளகும். வேறு வழியில்லை என்றால் நான்கு தந்தியையும் ஒரு கட்டை இறக்கி, பையைச் சீற்றுக்குக் கீழே நிழலில் வையுங்கள்.

ஓட்டோ, பஸ், ரயில், மோட்டார் சைக்கிள்?

ஓட்டோவில் பின் சீற்றில் குறுக்கே படுக்க வைத்தால் கழுத்து வெளியே நீட்டும். அடியைக் கால் வைக்கும் இடத்தில் ஊன்றி, கழுத்தை உங்கள் தோள் பக்கம் சாய்த்து அணைத்துப் பிடியுங்கள். பின்னால் இருக்கும் தட்டில் வைக்கவேண்டாம், எஞ்சின் சூடு.

அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு என்று ஓடும் பஸ்ஸில் சாரதிக்குப் பின்னால் நிமிர்த்தி வைக்கக் கேளுங்கள், பட்டியைக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொள்ளுங்கள். கொழும்பு இரவு பஸ்ஸின் கீழ்ப் பெட்டியில் போட்டால் அதன்மேல் சூட்கேஸ் ஏறும். ஸ்பொஞ்ச் அடியைத் தாங்கும், மணிக்கணக்கில் அமுக்குவதைத் தாங்காது. மட்டக்களப்பில் ஏறும் ரயில் என்றால் மேல் தட்டில் நீளவாக்கில், பிறிட்ஜ் பக்கம் மேலே பார்க்கப் படுக்க வைத்து, ஒரு பட்டியால் கட்டுங்கள். அம்பாறை மாவட்டத்துக்குத் தண்டவாளம் இல்லை என்பதால் அங்கிருந்து வருகிறவர்கள் பஸ்ஸுக்கும் சேர்த்தே யோசிக்கவேண்டும்.

மோட்டார் சைக்கிளில் இரட்டைப் பை வேண்டவே வேண்டாம். கல்லடிப் பாலத்தில் பக்கக் காற்று வந்தால் அந்த அகலம் பாய்போல வாங்கும், வளைவில் அடிப்பக்கம் பின் சில்லையும் தொடும்.

முன் பொக்கற்றில் என்ன வைக்கலாம்?

தட்டையானவை: கேபிள் இரண்டு, தந்தி செற், பற்றரி இரண்டு, ரியூனர், அலன் கீ, துடைக்கும் துணி. இரண்டு கிலோ தாண்டவேண்டாம். டிஐ பெட்டி, மல்ரி எஃபெக்ற், கட்டையான அடப்ரர் ஆகியவற்றைப் போட்டால் பை விழும்போது அவை நேரே பிறிட்ஜையும் தந்தியையும் குத்தும். கிற்றாருக்கு நைட்ரோசெலுலோஸ் வார்னிஷ் பூசியிருந்தால் றப்பரோ வினைலோ நேரே படாமல் பருத்தித் துணி வையுங்கள். அவை அந்த வார்னிஷை இளக்கித் தடம் பதிக்கும். பொலியெஸ்ரர் பூச்சுக்கு இந்தக் கவலை இல்லை.

சில்லு வைத்த பை?

கோயில் வீதி மணலில் அது ஓடாது. தார் வீதியில் ஓடும்போது ஒவ்வொரு அதிர்வும் கழுத்துக்கு ஏறும். சில்லின் பாரமும் கூடச் சேரும்.

விமானத்தில்?

சரக்குக்குக் கொடுப்பதென்றால் எந்த மென்பையும் வேண்டாம். ஒரு கிற்றாரைத் தேர்ந்து, கெட்டிப் பெட்டியில் போடுங்கள்.

தாங்கி இல்லாத பை ஏற்கெனவே வாங்கியாயிற்று. திருத்தலாமா?

திருத்தலாம், பை தைக்கும் கடையில் அரை நாள் வேலை. கட்டியான ஈவிஏ 15 சென்ரிமீற்றர் நீளம், 10 அகலம், 5 உயரத்தில் இரண்டு கட்டை வெட்டுங்கள். கட்டியாகக் கிடைக்காவிட்டால் யோகா விரிப்பைத் துண்டு போட்டு அடுக்கி ஒட்டலாம். ஒவ்வொன்றின் மேலும் கழுத்தின் வளைவுக்கு 2 சென்ரிமீற்றர் ஆழத்தில் பள்ளம். பருத்தி வெல்வெட் சுற்றுங்கள். கட்டையின் அடியில் கொக்கி வெல்குரோ ஒட்டி, பையின் உட்சுவரில் 20 சென்ரிமீற்றர் நீளத்துக்கு மற்றப் பாதியை தைக்கச் சொல்லுங்கள். ஒட்டினால் நம் ஊர் வெக்கையில் உரியும். நீளமாகத் தைத்தால் இரண்டு கிற்றாருக்கும் ஏற்றபடி கட்டையை மேலே கீழே நகர்த்தலாம்.

கிற்றாரை வைத்துப் பார்த்து, தலைக்குப் பின்னால் இரண்டு விரல் வரும் வரை கட்டையை உயர்த்துங்கள். உடலும் அதே அளவு உயர்ந்து நிற்க, அதன் முதுகுக்குக் கீழே ஸ்பொஞ்ச் தகடு ஒன்று தேவைப்படலாம். அதைப் போடாமல் விட்டால் கழுத்து மட்டும் தூக்கி நிற்கும், பை அமுக்கப்படும்போது கழுத்துச் சேரும் இடம் நெம்பப்படும். அடிக்கு 3 மில்லிமீற்றர் கெட்டிப் பிளாஸ்ரிக் தகடு, அதன்மேல் 25 மில்லிமீற்றர் ஈவிஏ, பட்டனுக்கு 3 சென்ரிமீற்றர் விட்டத்தில் ஓட்டை. ரெஜிபோம் போடவேண்டாம், ஒருமுறை விழுந்தாலே நொறுங்கி அடுத்ததற்கு ஒன்றும் மிஞ்சாது.

வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கலாமா?

மோனோ, கேற்றர் போன்றவை இரட்டை பேஸ் பை செய்கின்றன. பை நல்லதா என்பதைவிட அனுப்பும் செலவுதான் சிக்கல். பல கொரியர் நிறுவனங்கள் நீளம் × அகலம் × உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எண்ணைப் பாரமாகக் கணக்கிடுகின்றன. 125 × 45 × 30 பெட்டி என்றால் உள்ளே இருப்பது 5 கிலோ, கட்டணம் கிட்டத்தட்ட 34 கிலோவுக்கு. அதற்கு மேல் சுங்கம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பயணப் பொதியோடு வந்தால் இந்தக் கணக்கு இல்லை. ஆனால் மடித்து அமுக்கி அனுப்பச் சொல்லாதீர்கள், மடித்த கோட்டில் ஸ்பொஞ்ச் பிறகு எழும்பாது.

வந்து சேர்ந்ததும் கிற்றார் வைக்குமுன் எல்லா சிப்பையும் பத்துத் தரம் திறந்து மூடி, இரு அறையிலும் விரல் சோதனை செய்து, அரிசிப் பையோடு ஒரு தடவை தோளில் போட்டுப் பாருங்கள். திருப்பி அனுப்பும் தவணைக்குள் இதை முடித்துவிடுங்கள்.